தூணில் மஞ்சள் படலம், சுவரில் சாம்பல் படலம், மாடியில் 1009: மூன்று செட்டிநாட்டு மாதிரிகள், எத்தனை கரிமக் கனிமம்?

#1 செம்புரான்

காரைக்குடிப் பக்கத்து வளவு ஒன்றில், வீட்டாரின் ஒப்புதலோடு சுரண்டி எடுத்த மூன்று மாதிரிகள்.

அ: முகப்புக்கு வெளியே நிற்கும் கருங்கல் தூணின் வடக்குப் பக்கம். ஒட்டிப் படர்ந்த சாம்பல் நிற லைக்கனை (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்) கத்தி முனையால் நீக்கினால் அடியில் மஞ்சள் கலந்த பழுப்புப் படலம். தடிமன் 50 முதல் 100 மைக்ரான். 532 நா.மீ. லேசரில் எடுத்த ராமன் நிறமாலையில் (மாதிரியில் பட்டுச் சிதறும் ஒளியின் அலைஎண் நகர்வைப் பதிவது) ஒளிர்வு மேட்டின் மேல் 503, 896, 1463, 1490 செ.மீ⁻¹ முகடுகள்.

ஆ: வெளிமதிலின் பழைய சுண்ணாம்புப் பூச்சு, மேலே சாம்பல் படலம். ராமனில் ஒளிர்வு தவிர ஒன்றுமில்லை. ஏ.டி.ஆர். வழி (மாதிரியை ஒரு படிகத்தின் மேல் அழுத்தி அளக்கும் முறை) அகச்சிவப்பில் 712, 873, 1318, 1419, 1620. 1650-இல் ஒரு தோள்.

இ: பூட்டிக் கிடக்கும் மாடி அறையின் தளத்தில் வௌவால் எச்சத்தோடு கலந்த வெள்ளைப் பொருக்கு. ராமனில் கூராக ஒரே ஒரு முகடு, 1009. மற்றதெல்லாம் இரைச்சல்.

அ-வும் ஆ-வும் ஹியூவெல்லைட், அதாவது கால்சியம் ஆக்ஸலேட் ஒற்றை நீரேற்று என்று நினைக்கிறேன். இ யூரியாவா, ஜிப்சமா (கால்சியம் சல்ஃபேட் இரட்டை நீரேற்று)? "செட்டிநாட்டில் அரிய கரிமக் கனிமங்கள்" என்று தலைப்பிட்டு எழுதலாமா?

#2 அலைஎண்

தலைப்பைப் பிறகு பார்ப்போம். முதலில் முகடுகள்.

அ பற்றிச் சந்தேகமில்லை. 1463-உம் 1490-உம் இரட்டையாக வருவது ஹியூவெல்லைட்டின் கையெழுத்து. இரட்டை நீரேற்றான வெடெல்லைட்டுக்கு அந்த இடத்தில் 1475 சுற்றி ஒரே முகடுதான். ஆனால் இரண்டும் கலந்திருந்தால் 1475 வந்து நடுப்பள்ளத்தை நிரப்பிவிடும். அப்போது இரட்டையா ஒற்றையா என்று கண்ணால் சொல்ல முடியாது. அந்த இடத்தை நம்பாமல் கார்பன்–கார்பன் முகட்டைப் பாருங்கள். ஹியூவெல்லைட்டுக்கு 896, வெடெல்லைட்டுக்கு 910. பதினான்கு எண் இடைவெளியைச் சாதாரணக் கருவியே பிரித்துவிடும். உங்கள் 896-க்கு வலப்பக்கம் வால் நீண்டிருக்கிறதா? நீண்டிருந்தால் கலவை.

ஆ-வில் 1620-ஐப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஜிப்சத்தின் நீரும் 1620-இல்தான் நிற்கும், பழைய சுண்ணாம்புச் சுவரில் ஜிப்சம் இல்லாத இடம் குறைவு. ஆக்ஸலேட்டுக்குச் சாட்சி 1318 ஒன்றுதான். அது 1317 அருகே நின்றால் ஹியூவெல்லைட், 1325 தாண்டினால் வெடெல்லைட். ஏ.டி.ஆர்.-இல் வலுவான பட்டைகள் இரண்டு மூன்று எண் கீழே இறங்கித் தெரியும். ஊடுருவல் முறையில் எடுத்த நூலக நிறமாலையோடு நேராக ஒப்பிட்டால் வெடெல்லைட்டையே ஹியூவெல்லைட் என்று படித்துவிட வாய்ப்புண்டு. மென்பொருளில் ஏ.டி.ஆர். திருத்தம் போட்டபின் எண்ணை எழுதுங்கள். பிரிதிறன் 4 செ.மீ⁻¹, ஸ்கேன் 64 போதும்.

872–876, 712, 1420 எல்லாம் கால்சைட், அதாவது சுண்ணாம்பின் கால்சியம் கார்பனேட். 1650 தோளைப் பற்றிச் சாந்து தெரிந்தவர் யாராவது சொல்லட்டும்.

இ-க்குத் தனியாக எழுதுகிறேன். அது ஒரு பெரிய பொறி.

#3 புதுவயல்காரன்

குறுக்கே ஒரு கேள்வி. கார்பன் இருந்தால் கரிமக் கனிமம் என்றால் சிவகங்கை கிராஃபைட்டும் சேருமா? நெய்வேலிப் பிசின்?

#4 கல்லும் கனியும்

இரண்டும் சேராது. கிராஃபைட் தனிமம், கால்சைட் கார்பனேட், இரண்டுக்கும் வேறு வகுப்புகள். கரிமக் கனிம வகுப்பில் மூன்று பிரிவு: கரிம அமிலங்களின் உப்புகள் (ஆக்ஸலேட், மெல்லிட்டேட், ஃபார்மேட்), ஹைட்ரோகார்பன்கள், மிச்சமெல்லாம். அங்கீகாரம் பெற்ற கனிமங்கள் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டன, இந்த வகுப்பு இன்னும் நூறைத் தொடவில்லை. பிசின் படிகமல்ல, ஆகவே ஆம்பர் உட்பட எதுவும் கனிமம் ஆகாது.

ஆனாலும் கிராஃபைட் இந்த இழைக்குத் தேவைப்படும். ராமனில் 1350, 1580 சுற்றி இரண்டு அகலமான மேடு திடீரென்று முளைத்தால், "கார்பன் கண்டுபிடித்தேன்" என்று எழுதாதீர்கள். உங்கள் லேசர் மாதிரியைக் கருக்கிவிட்டது என்று பொருள். நல்ல கிராஃபைட்டில் 1580 கூராக இருக்கும். கருகலில் இரண்டும் அகன்று, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும்.

#5 முட்டைச்சாந்து

ஆ-வின் 1650 தோளுக்கு வருகிறேன். இந்த ஊர்ப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு உண்டு என்பது தெரிந்ததே. புரதத்தின் அமைடு பட்டைகள் 1650, 1540. இரண்டாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தோள் புரதத்துடையது. இல்லாவிட்டால் ஈரம் அல்லது வெடெல்லைட் (அதன் பட்டை 1640 அருகே). லைக்கன், பூஞ்சை எல்லாவற்றிலும் புரதம் உண்டு என்பதால் 1540 தெரிந்த உடனே முட்டை என்று முடிவு கட்டவும் கூடாது. பூச்சின் உட்பகுதியில், காற்றே படாத இடத்தில் அது இருந்தால்தான் முட்டை.

பெரிய கேள்வி வேறு. கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி எல்லாம் ஊறவைத்துச் சேர்க்கும் சாந்தில் கரிம அமிலங்கள் தொடக்கத்திலேயே இருக்கின்றன. சுண்ணாம்பில் இருக்கும் கால்சியத்தோடு அவை சேர்ந்து ஆக்ஸலேட் உருவாகலாம். அப்படியானால் நீங்கள் கண்டது கொத்தனார் கலந்தது, லைக்கன் செய்தது அல்ல. சுரண்டிய தூளை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. குறுக்குவெட்டு வேண்டும்:

நகக்கண் அளவு சில்லு போதும், மேற்பரப்பும் உள்ளும் சேர்ந்திருக்க வேண்டும். எப்பாக்சியில் பதித்துக் குறுக்கே அறுங்கள். மெருகேற்றத் தண்ணீர் விடாதீர்கள். தண்ணீர் பட்டால் வெடெல்லைட் ஹியூவெல்லைட்டாக மாறத் தொடங்கும், நைட்ரேட்டுகள் கரைந்து ஓடிவிடும். ஐசோபுரோப்பனால் ஊற்றி சிலிக்கான் கார்பைடு தாளில் 600, 1200, 2500 என்று இறங்குங்கள். பிறகு 785 லேசரில், மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி 5 மைக்ரானுக்கு ஒரு புள்ளி, 300 மைக்ரான் வரை. அதற்கப்பால் 100 மைக்ரானுக்கு ஒன்று.

1463-இன் உயரத்தைக் கால்சைட்டின் 1086-ஆல் வகுத்து ஆழத்துக்கு எதிராக வரையுங்கள். முதல் நூறு மைக்ரானில் உயர்ந்து பிறகு பூஜ்யத்துக்கு இறங்கினால் மேற்பரப்பில் வளர்ந்தது. கடைசி வரை ஒரே மட்டத்தில் ஓடினால் சாந்தோடு வந்தது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், அப்போது உள்மட்டத்தைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

எப்பாக்சிக்கும் 1610 சுற்றி வலுவான முகடு உண்டு. பிசினை மட்டும் ஒரு நிறமாலை எடுத்து வைத்துக்கொள்ளாவிட்டால், துளைகளில் புகுந்த பிசினுக்கு நீங்கள் பெயர் சூட்டிக்கொண்டிருப்பீர்கள்.

#6 அலைஎண்

இப்போது இ. 1009 என்ற ஒற்றை எண்ணை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது. ஏனென்று பாருங்கள். வௌவால், புறா அடையும் சுண்ணாம்புக் கட்டடத்தில் இயல்பாகவே கிடைக்கக்கூடிய பொருள்களின் முக்கிய முகடுகள் இருபத்தைந்து எண்ணுக்குள் நெருக்கியடிக்கின்றன:

புருஷைட் (கால்சியம் ஃபாஸ்ஃபேட் நீரேற்று) 986–988
யூரிக் அமிலம் 998
ஃபினைல் அலனின், அதாவது எந்தப் புரதமும் 1003
கரோட்டினாய்டு நிறமி 1005
ஜிப்சம் 1008
யூரியா 1010

பலரும் சிலிக்கானின் 520.5-ஐ மட்டும் பார்த்து அளவுதிருத்தம் முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். 520-இல் சரியாக இருக்கும் கருவி 1000-இல் இரண்டு எண் தள்ளி நிற்கலாம். ஜிப்சத்துக்கும் யூரியாவுக்கும் இடையே இருப்பதே அந்த இரண்டு எண்தான்! திருத்தத்தைச் சிக்கல் இருக்கும் இடத்திலேயே செய்யுங்கள். பாலிஸ்டைரீனுக்கு 1001.4-இல் கூரான முகடு. ஆய்வகப் பெட்ரி தட்டு போதும், அல்லது அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்ட ஏதாவது பிளாஸ்டிக். மாதிரிக்கு முன்னும் பின்னும் ஒரு முறை எடுங்கள். இரண்டுக்கும் நடுவே 0.5-க்கு மேல் நகர்ந்திருந்தால் அறையின் குளிர் மாறியிருக்கிறது, அந்தத் தொகுதியை மறுபடி எடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் 1008, 1010 சண்டையை அந்த இடத்தில் தீர்க்காதீர்கள். துணை முகடுகளைத் தேடுங்கள். ஜிப்சம் என்றால் 414, 493, 619, 670, 1136. யூரியா என்றால் 547, 1465, 1540, 1649. 532 லேசர் இருப்பதால் மேல் எல்லைக்கும் போகலாம். ஜிப்சத்தின் நீர் 3404, 3493. யூரியாவின் நைட்ரஜன்–ஹைட்ரஜன் 3240, 3360, 3435 சுற்றி மூன்றாக வரும். 785 வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. 785-இல் 3500 செ.மீ⁻¹ நகர்வு என்பது 1082 நா.மீ., சிலிக்கான் சி.சி.டி. உணரிக்கு அங்கே ஏறத்தாழ கண் தெரியாது. 532-இல் அதே நகர்வு 654 நா.மீ.-இல் விழும்.

இன்னொன்று. வௌவால் பாலூட்டி, அதன் கழிவில் நைட்ரஜன் யூரியாவாகப் போகும். பறவையும் பல்லியும்தான் யூரிக் அமிலமாகக் கழிப்பவை. சிலந்தி குவானினாக (650-இல் வலுவான முகடு). மாடி அறையில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதவில்லையே.

#7 செம்புரான்

நன்றி அண்ணே. வௌவால் மட்டுமில்லை, உடைந்த சன்னல் வழியாகப் புறாவும் வருகிறது.

பாலிஸ்டைரீன் வைத்துத் திருத்தினேன், 1.2 எண் உயரமாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழித்தால் 1009 என்றது 1007.8. துகள் துகளாகப் பிரித்து 50 மடங்கு லென்ஸில் பார்த்ததில் மூன்று வகை. தட்டையான கண்ணாடித் துகள்களில் 414, 493, 1008, 1136. ஊசிகளில் 1050 ஒன்றே வலுவாக. மூன்றாவது, 5 மைக்ரானுக்கும் சிறிய வெள்ளை உருண்டைகள்: 627, 998, 1037, பிறகு ஒளிர்வு. 547 எங்குமே இல்லை.

#8 அலைஎண்

முதலாவது ஜிப்சம். 1050 நைட்ர், அதாவது வெடியுப்பு. உறுதி செய்ய அகச்சிவப்பில் 1384 கூராக நிற்கும். மூன்றாவது யூரிக் அமிலம், புறாவின் உபயம்.

யூரியா இல்லாததில் வியப்பில்லை. காற்றின் ஈரம் 75 விழுக்காட்டை ஒட்டிப் போனாலே அது தானாக நீர் இழுத்துக் கரையத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தாண்டி அது இந்த ஊரில் படிகமாக நிற்க வழியில்லை. மீதியை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக்கி நைட்ரேட் வரை கொண்டுபோய்விடும். உங்கள் 1050 அந்தக் கதையின் கடைசி அத்தியாயம். யூரியா கனிமமாகப் பதிவானது மேற்கு ஆஸ்திரேலியாவின் டாப்பின் ஹில் பகுதியில், யூரிசைட் அதே மாநிலத்து டிங்கோ டோங்கா குகையில். இரண்டுமே வறண்ட நாடு. யூரிக் அமிலம் லிட்டர் தண்ணீரில் 60 மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும், அதனால் இங்கும் தாக்குப்பிடிக்கிறது.

உருண்டைகளில் திறனைப் பார்த்து வையுங்கள். 50 மடங்கு, 0.5 துளையெண் லென்ஸில் 532 லேசரின் புள்ளி 1.3 மைக்ரான் விட்டம். அதில் 1 மில்லிவாட் விட்டாலே சதுர செ.மீ.க்கு 75 கிலோவாட் என்ற கணக்கு. 0.1-இல் தொடங்குங்கள், 0.5, பிறகு 1. ஒவ்வொரு முறையும் அதே புள்ளியில் பழைய நிறமாலையோடு ஒப்பிட்டு, முகடு அகன்றாலோ 1350 மேடு எட்டிப் பார்த்தாலோ ஒரு படி இறங்குங்கள். ஒளிர்வு தொல்லைக்கு, எடுக்கும் அதே திறனில் பத்து நிமிடம் லேசரைப் பாய்ச்சிவிட்டுப் பதிவைத் தொடங்குவது பல நேரம் உதவும். 785-க்குப் போனால் ஒளிர்வு குறையும், சிக்னலும் ஐந்தில் ஒரு பங்காகும். நேரத்தைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும்.

#9 கொதிகலன்

அளவு பற்றி யாரும் பேசவில்லை. ராமன் முகட்டின் உயரத்தை வைத்து "நிறைய இருக்கிறது" என்று எழுதுவது இந்தத் துறையின் பழைய வியாதி. ஆக்ஸலேட் ராமனில் நன்றாகக் கத்தும். எடையிழப்புப் பகுப்பாய்வு (டி.ஜி.ஏ.) போடுங்கள்.

ஹியூவெல்லைட் மூன்று படியாக எடை இழக்கும்: 150–200 டிகிரி சுற்றி நீர் (12.3%), 450–500 சுற்றி கார்பன் மோனாக்சைடு (19.2%), 650-க்கு மேல் கார்பன் டைஆக்சைடு (30.1%). சுண்ணாம்புப் பூச்சில் மூன்றாவது படி பயன்படாது, கால்சைட்டும் அங்கேதான் உடையும். முதல் படியில் ஜிப்சத்தின் நீர் கலக்கும். நடுப்படியே கணக்குக்கு உகந்தது: அந்த இழப்பை 0.192-ஆல் வகுத்தால் ஹியூவெல்லைட்டின் அளவு. 10 மி.கி. மாதிரி, நைட்ரஜனில், நிமிடத்துக்கு 10 டிகிரி.

நடுப்படிக்கும் இந்த ஊரில் ஒரு எதிரி உண்டு. செம்புராங்கல் மண்ணின் கயோலினைட் என்ற களிமண் கனிமம் 450 தாண்டியதும் நீரை விடும். சுவரிலிருந்து சுரண்டிய தூளில் செம்மண் இல்லாமல் இருக்காது. அகச்சிவப்பில் 3620, 3695 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வெளிவரும் வாயுவை அளக்கும் இணைப்பு இல்லாத டி.ஜி.ஏ. எண்ணை அச்சில் போடாதீர்கள்.

கால்சைட்டைக் கழிக்க ஒரு எளிய வழி: 100 மி.கி. தூள், 5% அசிட்டிக் அமிலம் 10 மி.லி. (முழுதும் கால்சைட்டாக இருந்தாலும் 2.4 மி.லி. போதும், மிச்சம் பாதுகாப்புக்கு.) நுரை அடங்க அரை மணி. மையவிலக்கில் சுற்றி, நீரில் இரண்டு முறை கழுவி, 40 டிகிரியில் உலர்த்துங்கள். கால்சைட் கரைந்துவிடும், ஆக்ஸலேட் ஏறத்தாழ அப்படியே தங்கும். தங்கிய தூள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரைக்காமல் கரைந்தால் அதுவே ஒரு சோதனை. இதைச் செய்வதற்கு முன்னால் எடுத்த நிறமாலைதான் வெடெல்லைட் இருந்ததா என்பதற்குச் சான்று. கழுவியபின் எடுத்தது எல்லாவற்றையும் ஹியூவெல்லைட் என்று காட்டினால் நம்பாதீர்கள்.

அதே காரணத்தால் அகச்சிவப்புக்கான பொட்டாசியம் புரோமைடு வில்லைக்காக அகேட் கலுவத்தில் நெடுநேரம் அரைப்பதும் வேண்டாம். அரைக்கும் சூடும் அழுத்தமும் இரட்டை நீரேற்றை ஒற்றையாக்கும். வில்லைதான் போட வேண்டும் என்றால் 1 மி.கி.க்கு 200 மி.கி., 110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்திய உப்பு, லேசாக அரைத்தால் போதும். உப்பு ஈரம் இழுத்திருந்தால் 1640-உம் 3440-உம் வில்லையிலிருந்தே வரும்.

#10 முட்டைச்சாந்து

ஒப்பீட்டு மாதிரிக்கு யாரும் கனிமம் விலைக்கு வாங்க வேண்டாம். கால்சியம் குளோரைடு இரட்டை நீரேற்று 1.47 கிராம், சோடியம் ஆக்ஸலேட் 1.34 கிராம், தனித்தனியே 100 மி.லி. நீரில். இரண்டையும் 75 டிகிரிக்குச் சூடாக்கி, ஒன்றைச் சொட்டுச் சொட்டாக மற்றதில் விட்டு, ஒரு மணி நேரம் சூட்டிலேயே வைத்து வடிகட்டினால் ஹியூவெல்லைட் பொருள் 1.4 கிராம் சுற்றிக் கிடைக்கும். கையுறை போடுங்கள், சோடியம் ஆக்ஸலேட் நஞ்சு. வெடெல்லைட் இப்படிச் சுலபமாக வராது. குளிரிலும் சிட்ரேட் சேர்த்தும் முயல வேண்டும், அப்போதும் கலவையாகவே வரும்.

அடுக்களையிலும் இருக்கிறது. நாக்கை அரிக்கும் கருணைக்கிழங்கின் ஊசிகள் கால்சியம் ஆக்ஸலேட்தான். கிழங்கை அரைத்து, துணியில் வடித்து, அடியில் தங்கும் வெள்ளையை நான்கைந்து முறை நீரில் அலசினால் நுண்ணோக்கியில் கட்டுக்கட்டாக ஊசி தெரியும்.

லைக்கனுக்கு ஒப்பீடாகக் கறிமசாலாக் கல்பாசியை வைக்கலாமா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அது இலைபோல் விரியும் வகை, மலைக்காட்டிலிருந்து வருவது. தூணில் இருப்பது கல்லோடு ஒட்டிய மேலோட்டு வகை. அது சுரக்கும் அமிலங்களும் வேறு.

#11 கல்லும் கனியும்

இப்போது தலைப்புக்கு வருவோம். நிறமாலை சொல்வது சேர்மத்தின் பெயரை மட்டுமே. அது கனிமமா என்பதை இடமும் பிறப்பும் தீர்மானிக்கின்றன.

பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் 1998-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதற்குத் தெளிவான வரிகள் உண்டு. உயிரினத்துக்குள்ளேயே முழுதும் உருவானவை கனிமம் அல்ல. சிறுநீரகக் கல்லும் தாவரத் திசுவின் ஆக்ஸலேட்டும் அங்கே பெயர் சொல்லி விலக்கப்பட்டவை, எனவே கருணைக்கிழங்கு போச்சு. உருவாக்கத்தில் நிலவியல் செயல்பாட்டுக்குப் பங்கு இருந்தால் ஏற்கலாம். குகை வௌவால் எச்சத்திலிருந்து படிகமானவை ஏற்கப்படுகின்றன. மனிதன் செய்த பொருளின் மீது மழையும் காற்றும் வேலை செய்து உருவானவற்றைப் புதுக் கனிமமாக இப்போது ஏற்பதில்லை.

இதை வைத்துப் பாருங்கள். ஆ சுட்ட சுண்ணாம்பின் மேல் வளர்ந்தது, விழுந்துவிடும். கடுக்காயா லைக்கனா என்ற விவாதம் பழுதுபார்ப்பவருக்கு முக்கியம், இந்தக் கேள்விக்கு முக்கியமில்லை. இ-யின் உருண்டைகள் புறா உடம்பிலிருந்து வந்தபடியே கிடப்பவை. மாடி அறையைக் குகை என்று வாதாடலாம், ஆனால் அங்கே எதுவும் மறுபடி படிகமானதாகத் தெரியவில்லை. அ மட்டும் தேறும். இயற்கைக் கல், அதன் ஃபெல்ட்ஸ்பார் கனிமத்திலிருந்து வந்த கால்சியம், லைக்கனின் அமிலம், இடைமுகத்தில் படிந்த உப்பு.

இடம் மாறினால் தீர்ப்பு மாறும் என்பதற்கு டின்னுன்குலைட் நல்ல எடுத்துக்காட்டு. யூரிக் அமிலத்தின் இரட்டை நீரேற்று. முதலில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நிலக்கரிப் பகுதியில், எரியும் சுரங்கக் கழிவு மேட்டில், வல்லூறு வகைப் பறவையின் எச்சத்திலிருந்து விவரிக்கப்பட்டது. கழிவு மேடு மனிதன் செய்தது என்பதால் ஏற்கப்படவில்லை. பின்னால் கோலா தீபகற்பத்து ராஸ்வும்சோர் மலையில் கிடைத்தபோது 2015-இல் ஒப்புதல் வந்தது.

#12 அலைஎண்

அ தேறும் என்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. கால்சியம் ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? வருடா வருடம் பொங்கலுக்கு அடிக்கும் சுண்ணாம்பு, மழையில் கரைந்து தூண் மேல் வழிந்திருக்கலாம். அந்த வளவில் தூணுக்கு மேலே சுண்ணாம்புக் கைப்பிடிச் சுவர் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். படலத்தில் 1086 தெரிகிறதா?

#13 செம்புரான்

தெரிகிறது. சன்னமாக. மேலே கைப்பிடிச் சுவரும் உண்டு.

#14 கல்லும் கனியும்

அப்படியானால் அலைஎண் சொல்வதே சரி, என் வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். தூணை விட்டுவிட்டு, கட்டடமே இல்லாத பொட்டல் பாறையில் அதே லைக்கனைத் தேடுங்கள். குன்றக்குடி, திருமயம் பக்கமெல்லாம் கருங்கல் பாறை தலைகாட்டும். திருமயம் கோட்டையும் சித்தன்னவாசலும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளவை, அனுமதியில்லாமல் அங்கே நகக்கீறல்கூடக் கூடாது. ஊர்ப் பொதுப் பாறையென்றாலும் ஊராரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். சுண்ணாம்பு அடித்த குலதெய்வக் கல்லிலிருந்து ஐம்பது மீட்டராவது தள்ளி. அங்கே 1086 இல்லாமல் 1463/1490 இரட்டை வந்தால் ஹியூவெல்லைட் என்று கையெழுத்துப் போடலாம்.

ஹியூவெல்லைட் என்ற சேர்மம் அரியது என்றும் எழுதாதீர்கள். செக் நாட்டுக் கிளாட்னோ நிலக்கரிப் படுகையில் கிடைப்பதுபோல் பெரும் படிகமாகக் கிடைப்பதுதான் அரிது. லைக்கன் அடியில் படலமாக உலகமெங்கும் உண்டு.

#15 புதுவயல்காரன்

உண்மையிலேயே அரியவை எவை, அவற்றுக்கு நிறமாலையில் என்ன சிக்கல்?

#16 அலைஎண்

கார்பதைட்: கொரோனீன் என்ற ஏழு வளைய ஹைட்ரோகார்பன். புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும், அந்த அழகே ராமனுக்கு எமன். 785 அல்லது 1064 இல்லாமல் கிட்டே போகாதீர்கள். ரவடைட் என்பது பினாந்திரீன், தஜிகிஸ்தானின் ரவாத் பகுதியில் நிலத்தடியில் எரியும் நிலக்கரியின் ஆவி படிந்தது. லேசர் சூட்டில் எளிதில் உருகும், ஆவியாகவும் செய்யும், குறைந்த திறனே வழி. அபெல்சொனைட் நிக்கல் போர்ஃபிரின், அமெரிக்காவின் கிரீன் ரிவர் எண்ணெய்ப் பாறையில் கிடைப்பது, பச்சையத்தின் தூரத்துப் பேரன். அதன் நிறமே ஒத்ததிர்வு கொடுத்து மிகச் சிறிய அளவையும் காட்டிக்கொடுக்கும், ஆனால் முகடுகளின் உயர விகிதம் லேசருக்கு லேசர் மாறும். மெல்லைட் தேன் நிற அலுமினிய உப்பு, 16 நீர் மூலக்கூறு. நுண்ணோக்கியின் வெற்றிட அறையில் வைத்தாலே நீரிழக்கும், அதை எலக்ட்ரான் கருவிக்குக் கொண்டுபோவதற்கு முன் ராமன் எடுத்துவிட வேண்டும். ஹம்போல்டைன் இரும்பு ஆக்ஸலேட். லேசர் சற்று ஏறினாலும் ஹெமடைட் ஆகி 225, 292, 411, 1320 காட்டும். மஞ்சள் படலத்தில் இந்த நான்கும் வந்தால் திறனைப் பத்தில் ஒன்றாக்கி, பக்கத்துப் புது இடத்தில் எடுத்துப் பாருங்கள்.

ஸ்டெபனோவைட், ஜெம்சூஜ்னிகோவைட் இரண்டும் சைபீரிய நிலக்கரியில் கிடைத்த ஆக்ஸலேட்டுகள். ஆய்வகத்தில்தான் செய்ய முடியும் என்று நினைத்திருந்த உலோகக்–கரிமச் சட்டக அமைப்பு அவற்றில் இயற்கையாகவே இருப்பதை 2016-இல் காட்டினார்கள். அதைக் காட்டியது எக்ஸ்-கதிர்ப் படிகவியல். ராமன் மட்டும் வைத்திருந்தால் இன்னொரு ஆக்ஸலேட் என்று எழுதிவிட்டுப் போயிருப்போம்.

#17 கொதிகலன்

அந்தக் கடைசி வரி இ-க்கும் பொருந்தும். உருண்டைகள் நீரற்ற யூரிக் அமிலமா இரட்டை நீரேற்றா என்பதை ஒளிர்வு நிறைந்த ராமனை வைத்துச் சொல்லாதீர்கள். பொடி எக்ஸ்-கதிர் போடுங்கள். காரைக்குடியிலேயே சிக்ரியும் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) அழகப்பா பல்கலையும் இருக்கின்றன, வெளியார் மாதிரி எடுக்கும் முறையை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அள்ளும்போது என்-95 முகமூடி, கையுறை கட்டாயம். வௌவால் எச்சத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சை இருக்கலாம். தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்கலாம் என்பார்கள். மாதிரி எடுக்கும் இடத்தில் மட்டும் தெளிக்காதீர்கள், வெடியுப்பு கரைந்து வேறு இடத்தில் போய்ப் படிகமாகும்.

#18 செம்புரான்

அப்படியானால் குப்பிகளின் அட்டையை மாற்றுகிறேன்.

அ: கால்சியம் ஆக்ஸலேட் ஒற்றை நீரேற்று, கருங்கல் தூண், லைக்கன் அடி. கால்சியத்தின் மூலம் தெளிவில்லை, மேலே சுண்ணாம்புச் சுவர்.
ஆ: கால்சைட்டுடன் ஆக்ஸலேட் (1318 மட்டும்). குறுக்குவெட்டு இனிமேல்.
இ: ஜிப்சம், நைட்ர், யூரிக் அமிலம். நீரேற்று நிலை பார்க்கவில்லை.
ஈ: பொட்டல் பாறை. காலிக் குப்பி.

தலைப்பை எடுத்துவிட்டேன். மூன்றையும் சிலிக்கா ஜெல் போட்டு, தேக்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

#19 கொதிகலன்

இ-யிலிருந்து சிலிக்கா ஜெல்லை இன்றே எடுங்கள். இரட்டை நீரேற்று இருந்தால் உலர்காற்றில் நீரிழந்து, எக்ஸ்-கதிர் போடும் நாளில் நீரற்றதாகவே தெரியும். ஆ-வைப் பெட்டியிலிருந்தும் எடுங்கள். மரம் அசிட்டிக் ஆவி விடும். அருங்காட்சியக ஓக் இழுப்பறைகளில் வைத்திருந்த சுண்ணக் கற்களின் மேலேயே கால்சியம் அசிடேட் குளோரைடு பூத்து, அதற்குக் கால்கிளாசைட் என்று கனிமப் பெயரும் சூட்டியிருக்கிறார்கள். தேக்கு ஓக்கைவிடப் பரவாயில்லைதான். இருந்தாலும் கண்ணாடிக் குப்பி, இறுக்கமான மூடி, இரும்பு அலமாரி.